வெறுங்காலோடு தூக்கிய நத்தைக்கல்

எனக்குக் கல் பிடிக்காது. ஏழெட்டு வருஷம் கல் பொறுக்கித்தான் சோறு தின்றேன், அப்படியும் பிடிக்காது. இப்போதுகூட யாராவது ஆற்றங்கரையில் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எனக்கு அடிநாக்கில் புளித்துக்கொண்டு வருகிறது. கீழே போடுங்களய்யா என்று சொல்லத் தோன்றும். சொல்வதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவேன். எனக்கு நடக்கத் தெரியும். வேறு எதுவும் சரியாகத் தெரியாது.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்கள் அவை. கொல்லிமலையின் மேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கடிதம் எழுதும் வேலைக்குப் போனேன். போன மூன்றாம் மாதமே அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்துவிட்டுச் சுத்தியலைக் கொடுத்தார். துரைக்குக் காப்பியில் மனம் இல்லை. நத்தைக்கல்லில் இருந்தது.

நத்தைக்கல் என்பது நாங்கள் சொன்ன பேர். அவர் அம்மோனைட் என்பார், கற்கண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டவர் மாதிரி. திருச்சிக்கு வடகிழக்கே, காரை என்கிற ஊர்ப் பக்கம், புல்லுக்கும் மனம் வராத ஓடைக்காடு ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அது கடல். கடல் போய்விட்டது, அதன் பிணங்கள் போகவில்லை. மழை மண்ணை அறுக்க அறுக்க, ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்ட கற்கள் ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பல்லிளித்துக்கொண்டு வெளியே வரும். கூடவே கண்ணாடிச் சில்லுபோல உப்புக்கல் மின்னும். பகலில் அந்த ஓடைகளில் நிற்பது, வெந்துகொண்டிருக்கும் சட்டிக்குள் நிற்பது மாதிரி. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைக் கிளறி, கல்லை எடுத்துச் சாக்கில் கட்டி, ரயிலில் திருச்சி, பஸ்ஸில் நாமக்கல், மாட்டுவண்டியில் பேளுக்குறிச்சி, அப்புறம் ஆள் தலையில் மலைக்கு மேலே. மலையில் அப்போது ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதைதான், கல்லும் வேரும் வழுக்கலும்.

அந்தச் சுருளுக்குள் என்ன இருந்தது என்று ஒருநாள் துரையைக் கேட்டேன். கணவாய் மாதிரி ஒரு பிராணி என்றார். கொழகொழவென்று, எலும்பு இல்லாமல், கைகள் மட்டும் நிறைய. அது வளர வளரப் பழைய அறையை அடைத்துவிட்டுப் புது அறை கட்டிக்கொண்டு முன்னால் நகருமாம். கேட்டதிலிருந்து எனக்கு அந்தக் கல்லைத் தொட்டால் விரலில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. துரைக்கு அப்படி ஒன்றும் இல்லை. தான் பல் துலக்கும் பிரஷ்ஷாலேயே அவற்றைத் தேய்த்துக் கழுவினார். கழுவினதை ரோஜாப் பாத்திகளுக்கு வரப்பாகப் பதித்தார். பங்களா முன்னால் ஐந்து பாத்தி. ஐந்தையும் சுற்றி வரிசையாகப் பிணங்களின் வீடுகள். மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்பார். பிஸ்கட் தூள் மீசையில் இருக்கும்.

அவர்மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பொறுக்கிக் கொண்டுவந்தவன் நான்.

ஒரு ஐப்பசியில்தான் அந்தப் பெரிய கல் கிடைத்தது. சின்ன முறத்தின் அகலம். இரண்டு மணங்கு, ஐம்பது ராத்தலுக்குக் குறையாது. துருப்பிடித்த இரும்பின் நிறம், விளிம்பெல்லாம் விரல் விரலாய்ப் புடைப்பு. பேளுக்குறிச்சிச் சந்தையில் சுமை தூக்குகிற ஒருவரைப் பிடித்தேன். அவர் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

"ஏனுங்க, மலைமேல கல்லுக்குப் பஞ்சமுங்களா?"

"இது வேற கல்லுங்க."

"தலைக்கு எல்லாக் கல்லும் ஒண்ணுதானுங்க."

பாதி மலை ஏறினதும் மழை பிடித்துக்கொண்டது. அவர் ஒரு பாறையடியில் சுமையை இறக்கினார், உச்சந்தலையைத் தடவிக்கொண்டார், வானத்தைப் பார்த்தார். அந்த மாதங்களில் மலைக்காய்ச்சல் என்றால் கீழ்நாட்டுக்காரர்களுக்குக் குலை நடுங்கும். "நான் வாரேனுங்க. எனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குது, உங்க கல்லுக்கு யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நானே தூக்கினேன். மேலே ஊர் எல்லையில், வழி ஓரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கும். அந்த இடத்தில் யாரானாலும் செருப்பைக் கழற்றியாக வேண்டும். தோல் செருப்போடு மலைச்சாமியின் மண்ணை மிதிக்கக் கூடாது. துரையே அங்கே பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாத்து மாதிரி நடப்பார். அன்றைக்கு எனக்கு இரண்டு கையும் கல்லுக்கே போதவில்லை. மழையில் பாதையெங்கும் அட்டை, நூல்நூலாய்த் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தது. குனிந்து கழற்ற முடியாது, கழற்றினால் கால் முழுக்க அட்டை. செருப்போடு போய்விட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

இன்னும் அரை மைல் போல நடந்ததும் இடுப்பில் ஏதோ கழன்ற மாதிரி ஒரு வலி. பாதைக்குக் கீழே அறுவடை முடிந்த ஒரு சாமைக்காடு இருந்தது. அடித்தட்டை மட்டும் மிஞ்சி, நனைந்து கிடந்தது. அந்தக் காட்டுக்குள் கல்லை உருட்டிவிட்டேன். அது இரண்டு முறை புரண்டு, சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷம். பெரிய பாரம் ஒன்றை வயிற்றிலிருந்தே கழித்துவிட்ட மாதிரி. பங்களாவுக்குப் போய், கல் ஓடையில் உருண்டு போய்விட்டது என்று துரையிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் பாதையைத் தொடவில்லை. சுற்றுவழி என்றாலும் வேறு பாதையில் ஏறினேன், இறங்கினேன்.

எட்டு மாதம் போயிற்று. ஆனி பிறந்து நாலு நாள். துரை என்னைக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. இன்ன ஊரில், ஒரு காட்டில், சுருண்ட கல்லாக ஒரு நாகசாமி பூமியிலிருந்து முளைத்திருக்கிறதாம். "மலை உச்சியில் கடல் இருந்திருக்கிறது, புரிகிறதா உனக்கு? யாரும் நம்ப மாட்டார்கள். போய் அதைக் கொண்டு வா" என்றார். கொல்லிமலையின் கல் தீயில் வெந்த கல், அதில் கடல் படுக்கவே இல்லை என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். ஆசை வந்ததும் தான் படித்ததையெல்லாம் தானே துப்பிவிட்டார்.

போனேன். எல்லைக்கல்லில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். காட்டுக்கு இருபது அடி முன்னாலேயே நாற்றம் வந்தது. சிக்குப் பிடித்த நெய், புளித்த பொங்கல், அழுகின வாழைப்பழம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த ரத்தம். என் கல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மேலே மஞ்சளை அப்பி, அதன்மேல் குங்குமம் கொட்டி, அதன்மேல் எத்தனையோ சேவல்களின் ரத்தம் வழிந்து கறுத்து, தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. ஈ மொய்ப்பதால் அந்தச் சுருள் சுழல்கிற மாதிரித் தெரிந்தது. சுற்றிலும் சேவல் இறகு. வாயைப் பொத்திக்கொண்டேன். ஓரமாகப் போய்க் குனிந்தேன்.

"வாந்தி எடுக்கறதா இருந்தா அக்கட்டால போய் எடுங்க. அதுக்கும் மஞ்சப் பூசிருவாங்க."

திரும்பினேன். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். கையில் மண் கிளறுகிற கொத்து. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"உங்களைத்தானுங்க எட்டு மாசமாத் தேடறேன், கல்லுக்காரரே" என்றாள். "அதோ தெரியுது பாருங்க, அதுதான் எங்க ஊடு. அன்னைக்கு மழைக்குள்ள நீங்க உருட்டிவிட்டதை அந்தத் தாவாரத்துல நின்னு பாத்தேன். உருட்டிப் போட்டுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நீங்க சிரிச்சதையும் பாத்தேன்."

காடு அவளுடையது. அது ஒன்றுதான் அவளுக்கு. புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்னால் கீழ்நாட்டுக்கு ரயில்ரோடு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. கார்த்திகையில் ஆடு மேய்க்க வந்தவர்கள் கல்லைக் கண்டிருக்கிறார்கள். தலையை உள்ளே வைத்துச் சுருண்டு படுத்திருக்கும் நாகம் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். நாகம் படுத்த மண்ணில் கொத்துப் படக் கூடாது. காடு தரிசாகிவிட்டது. அது வந்த வழியை இவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். காட்டு ஆசையில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

"என்னைப் பட்டினி போடலீங்க. ஊரு நல்ல ஊருதான். முறை வெச்சு ஊடு ஊடாச் சோறு ஊத்தறாங்க. நான் சட்டியைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வாசலா நிக்கறேன். தை மாசத்துல இருந்து." கொத்தின் காம்பால் தரையைத் தட்டினாள். "இன்னும் பத்து நாளுக்குள்ள சாமை விழுகலைன்னா இந்த வருசமும் சட்டிதானுங்க. வந்து ஊருல சொல்லுங்க."

ஊரில் சொன்னால் துரைக்குப் போகும். துரைக்குப் போனால் நான் சொன்ன பொய் வெளியாகும், வேலை போகும். அதைத்தான் முதலில் நினைத்தேன். அவள் சட்டியை அப்புறம்தான் நினைத்தேன். அந்த நாற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, என்னையும் ஒரு முறை மோந்து பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பலாமரத்தடியில் ஊர் கூடியது. பூசாரிக்கு என் வயதுதான். வெற்றிலை மென்றுகொண்டே இருக்கும் தாடை, மொட்டைத் தலை. அவளுக்குக் கொழுந்தன் முறை. நான் நடந்தது முழுவதையும் சொன்னேன். கடல், ஓடைக்காடு, ரயில், சாக்கு, மழை, இடுப்பு. ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லோரும் நன்றாகக் கேட்டார்கள். சொல்லி முடித்ததும் முட்டாள்கள் கண் விழித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பூசாரி துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அப்போ சாமி கடல்ல இருந்து வந்திருக்குது."

"சாமி இல்லீங்க. கல்லு. நான் தூக்கிட்டு வந்த கல்லு."

"ஆமாங்க, நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க. வேற எப்படி வரும், அதுக்குக் காலா இருக்குது? ரயில்ல வந்துச்சு, பஸ்ல வந்துச்சு, வண்டியில வந்துச்சு. அங்கெல்லாம் இறங்கலை. எங்க மண்ணுக்கு வந்ததும் கனத்துப் போச்சு. அப்படித்தானுங்களே?"

"மழை. எனக்கு இடுப்பு வலி."

"அன்னைக்குச் செருப்புப் போட்டிருந்தீங்களா?"

கூட்டம் என் காலைப் பார்த்தது. பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்னவன், அன்றைக்கு ஏனோ வரவில்லை.

"போட்டிருந்தேன்."

பூசாரி தொடையில் தட்டினார். கோபம் இல்லை, ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி. "அதனாலதான் கனத்திருக்குது. செருப்புக்காலோட எல்லை தாண்டினா எந்தச் சாமி வரும்? இறக்க வெச்சிருச்சு உங்களை."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் கொட்டின உண்மையை எடுத்து அதற்கும் மஞ்சள் பூசியாயிற்று. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. நிதானமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்பவள்போல.

"ஏனுங்க கொழுந்தனாரே, செருப்புக்காலோட தூக்கினதால கனத்துச்சுன்னா, அவரே வெறுங்காலோட தூக்கினா?"

பூசாரியின் தாடை நின்றது.

"கனக்கலைன்னா, கிளம்பறதுக்கு மனசு இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் மெதுவாக. "கனத்துச்சுன்னா இங்கியேதான். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது, அண்ணி."

"தொறக்கலை."

"வெள்ளிக்கிழமை காலையில."

இடையில் இரண்டு நாள் இருந்தது. துரைக்கு, காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று ஆள் சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் தன் வீட்டுக்குப் பின்னால் உடைந்து கிடந்த ஒரு திரிகைக்கல்லைக் காட்டினாள். கிட்டத்தட்ட அதே கனம். தூக்கச் சொன்னாள். தூக்கினேன். இடுப்பில் பழைய வலி முனகியது. அவள் தாவாரத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை விடுங்க, சாமி. கை தானா தூக்கும். மூஞ்சியைப் பழகுங்க."

"மூஞ்சிக்கு என்ன?"

"நாலு நாளா வெளிக்குப் போகாதவன் மூஞ்சி மாதிரி இருக்குது."

மறுபடியும் தூக்கினேன்.

"இப்போ?"

"இப்போ போயிட்டு வந்த மாதிரி இருக்குது. அதுவும் வேண்டாம். சும்மா இருங்க. ஏதாச்சும் லேசானதை நெனைச்சுக்கிட்டுத் தூக்குங்க."

"எதை நினைக்கிறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊட்டுக்காரர் போனதை நெனைங்க. தோளுல துண்டைப் போட்டுக்கிட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு, அந்த வளைவு திரும்பினாரு. திரும்பியே பாக்கலை. அதை விட லேசா இந்த மலையில இருந்து எதுவும் எறங்கினதில்லீங்க."

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் என் முகம் அவளுக்குப் பிடித்துவிட்டது. தன் பங்குச் சட்டியில் வந்த ராகிக்களியில் பாதியை எனக்கு வைத்தாள். யார் வீட்டுக் களி என்று கேட்கவில்லை. விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஊர் முழுவதும் காட்டைச் சுற்றி நின்றது. வளைவு வரைக்கும் போனால் போதும் என்பதுதான் எங்கள் இருவர் திட்டம். முப்பது, நாற்பது அடி. அப்புறம் பாதை மறைந்துவிடும், இறக்கி மூச்சு விடலாம்.

குனிந்து அடியில் கைவிட்டேன். அடிப்பக்கம் ஈரம். வழவழவென்று ஏதோ நசுங்கியது. நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். நெய்யும் ரத்தமும் என் சட்டையில் ஒட்டிக்கொண்டன. முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் அந்த நாற்றம். வாயால் மூச்சு வாங்கினால் நாக்கில் படிந்தது. அந்த நிமிஷம்தான் கல்லின் சுருளுக்குள்ளிருந்து எறும்புகள் வந்தன. செவ்வெறும்பு. பொங்கல் வெல்லத்துக்குப் புற்று வைத்திருந்தவை. என் முழங்கை மடிப்பில் முதல் கடி விழுந்தது. துண்டு, தோள், வளைவு என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன்.

பூசாரி கிட்டே வந்து கண்ணுக்குள் பார்த்தார். "எப்படிங்க இருக்குது?"

"பூக்கூடை மாதிரி இருக்குதுங்க."

பெண்கள் குலவை இட்டார்கள். பூசாரி தலைக்குமேல் கைகூப்பினார். கூப்பிவிட்டு ஊரைப் பார்த்துச் சொன்னார்: "சாமி கிளம்புது. எல்லை வரைக்கும் நாம வழியனுப்ப வேண்டாமா?"

எல்லை வரைக்கும். எல்லைக்கல் அரை மைலுக்கு மேல் தூரம்.

"லேசாத்தானே இருக்குது, மெதுவாப் போங்க" என்றார் ஒரு கிழவர் பின்னாலிருந்து. "ஆடி அசைஞ்சு போகட்டும்."

போனேன். ஊருக்குள் புகுந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருத்தி வந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பாதை வழுக்கியது. எறும்பு முழங்கையிலிருந்து கக்கத்துக்கு ஏறியது. அங்கே ஒன்று, கழுத்தில் ஒன்று, காது மடலில் ஒன்று. விரல்கள் மரத்துப்போய், அவை கல்லைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. அவள் எனக்குப் பக்கத்திலேயே நடந்தாள், கையில் ஒரு குடத்தோடு, முகத்தில் ஒன்றும் காட்டாமல். உதடு மட்டும் அசைந்தது. "சாமை, சாமை, சாமை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் மந்திரம் என்று நினைத்தேன். அப்புறம் நானும் அதையே உள்ளுக்குள் சொல்லத் தொடங்கினேன். ஒரு காலுக்கு ஒரு சாமை.

அந்த அரை மைலில் அருவருப்பு என்னைவிட்டுப் போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. கல்லை வெறுத்தேன், நாற்றத்தை வெறுத்தேன், குலவையை வெறுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு நாள் பழகின அந்த அமைதியான முகத்தை, அதை இவ்வளவு நன்றாகக் காட்ட எனக்கு வருகிறதே என்பதை வெறுத்தேன். துரையின் முன்னால் நான் எட்டு மாதமாகக் காட்டிக்கொண்டிருந்ததும் அதே முகம்தான்.

எல்லைக்கல் வந்தது. ஊர் நின்றது. கீழே போகும் பாதையில் நான் தனியாக இறங்க வேண்டும். பூசாரி மட்டும் இன்னும் நாலு அடி என்கூட வந்தார், ஊருக்கு முதுகைக் காட்டி நின்றார். தன் தோள்துண்டை எடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் என் கையில், கழுத்தில், காதில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டார். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், குழந்தைக்குத் துடைப்பதுபோல. கடைசி எறும்பைக் காது மடலிலிருந்து கிள்ளி எடுத்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அவர் எப்போதிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பலாமரத்தடியில் முட்டாள்கள் என்று நினைத்தேனே, அந்தச் சொல் அப்போது நெஞ்செரிச்சல் மாதிரி மேலே வந்தது.

எல்லைக்குக் கீழே முதல் வளைவு திரும்பினதும் இறக்கிவிடலாம் என்று இருந்தேன். முடியவில்லை. எந்த இடத்தைப் பார்த்தாலும் அது யாரோ ஒருவருடைய காடாக இருந்தது, அல்லது ஆடு மேய்கிற இடமாக இருந்தது. பங்களாவுக்கும் கொண்டுபோக முடியாது. ரோஜாப் பாத்தியில் பதித்தால் மறுநாள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் இதே ஜனங்கள் கண்ணில் படும். தலையில் வைத்துக்கொண்டு மலையடி வரைக்கும் இறங்கினேன். வழியில் இரண்டே இடத்தில்தான் இறக்கினேன், இரண்டும் சுமைதாங்கி. சுமைதாங்கியில் எது இருந்தாலும் யாரும் கும்பிட மாட்டார்கள். இறக்கி வைப்பதற்கென்றே கட்டின மேடை அது.

பேளுக்குறிச்சியில் அந்தச் சுமைகாரர் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் தலையைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மேல ஏத்தினதைக் கீழ எறக்கறீங்களா?"

"ஆமாங்க."

"நல்ல உத்தியோகமுங்க" என்றார்.

கல்லை வண்டியேற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மலை ஏறி, துரையிடம், அது பழைய ஆட்டுக்கல், யாரோ சுருள் கொத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் என் முகத்தை வெகு நேரம் பார்த்தார். நான் பழகின முகத்தைக் காட்டினேன். நம்பினார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

கல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என் வீட்டுக் கொல்லையில், குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக, சுருள் மண்ணைப் பார்க்கும்படிக் குப்புறப் போட்டிருக்கிறேன். மேலே குதிகால் தேய்க்கிறோம். எத்தனை தேய்த்தும் மழைக்காலத்தில் நெய் வாடை வருகிறது. என் மனைவி வரவில்லை என்கிறாள்.

அந்த வருஷம் புரட்டாசியில், பங்களாவில் விட்டுவந்த டிரங்குப் பெட்டியை எடுக்க மலை ஏறினேன். பழைய பாதையிலேயே போனேன். காட்டில் சாமை இடுப்பளவு நின்று, கதிர் தலை சாய்ந்து, காற்றுக்கு நரைத்த தலைமயிர் மாதிரி அலைந்துகொண்டிருந்தது. அவள் நடுவில் நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"வாங்க, பூக்கூடை."

பாதையில் நின்றபடியே பார்த்தேன். கல் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும், சின்ன முறத்தின் அகலத்துக்கு, சாமை இல்லை. வெறும் மண். அதில் ஒரு புல்லும் இல்லை, கையால் சுத்தம் பண்ணி வைத்திருந்தாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அந்த இடத்துல ஏன் விதைக்கலை? அது சும்மா கல்லுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. உருட்டினதைப் பாத்தவங்க நீங்க."

"பாத்தேனுங்க."

"அப்புறம்?"

"விதை தெளிக்கையில கை அந்தப் பக்கம் போகலீங்க. ஒரு பிடி சாமைக்கு எதுக்கு வம்பு?" அவள் பிடுங்கின களையை வரப்பில் போட்டாள். அப்புறம் என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "அது இருக்கட்டும். நீங்க என்னங்க, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

குனிந்து பார்த்தேன். இரண்டும் என் இடது கையில் இருந்தன. எல்லைக்கல்லைத் தாண்டினது நினைவில் இருந்தது. கழற்றினது நினைவில் இல்லை.